வீட்டுக் குழாய்களின் ஓசையும் அதனை அடக்கும் வழியும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களில் நிலம் சிறிது, மக்கள் மிகுதி. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைத்தல் இப்பகுதியில் முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் ஒருங்கே நிலவும் வழக்கமாகும். ஆதலின் தாயின் வளவு மகளிர்க்குப் பங்காகிப் பங்காகி, இனிப் பிரிக்க இடமின்றிப் போனவிடத்து வீடு மேல்நோக்கி வளர்ந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையை அழித்தபின், கடலருகே மீண்டும் கட்டுதற்குத் தடை வந்தபோது இந்நெருக்கம் இன்னுங் கூடிற்று. மாடிக் குடியிருப்புக்களும் எழுந்தன. கீழே ராத்தா, மேலே தங்கை. அல்லது கீழொரு குடும்பம், மேலே முன்பின் அறியாத இன்னொரு குடும்பம். இருவர்க்கும் இடையே ஒரு கொங்கிரீட் தட்டும், அதனை ஊடுருவிச் செல்லும் நாலைந்து குழாய்களும் உள.

மணற்கிணற்றிலே வாளியால் நீர் மொண்ட காலத்தில் கப்பியின் ஓசை முற்றத்தோடு நின்றது. இன்றோ மேல்வீட்டார் ஸஹருக்கு எழுந்து குழாயைத் திறந்தால், கீழ்வீட்டிற் காய்ச்சலோடு கண்ணயர்ந்த பிள்ளை விழித்துக்கொள்கிறது. தறியோசைக்குப் பழகிய மருதமுனையிற்கூட இவ்வோசை உறக்கத்தைக் கலைக்கும். தறி ஒழுங்காய் ஒலிப்பது, குழாய் எதிர்பாராது இடிப்பது. தொழவும் நோன்பு நோற்கவும் எழுந்தவரைக் குறை கூறுதல் யார்க்கும் இயலாது. உடன்பிறந்தாளிடத்து இதனைச் சொல்லுதல் அதனினும் அரிது. ஆகவே சொல்லாமலே மனத்தாங்கல் வளர்கிறது. குறை மனிதரிடத்தன்று, குழாயைப் பொருத்திய முறையிலே உள்ளது என்பதே ஈண்டு விளக்கப் புகுந்தது.

ஓசை கேட்டவுடன் பலர் செய்வது, குழாயைச் சுற்றித் துணியோ பஞ்சோ கட்டுதல். இதனாற் பயன் மிகச் சிறிது. காரணத்தை அறிய யாழை நினைத்தல் போதும். சாய்ந்தமருதை அடுத்த காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947 இல் வெளிவந்த யாழ்நூலிற் பண்டை யாழ்களின் அமைப்பை ஆராய்ந்தார் என்பதை இம்மலரை வாசிப்போர் அறிவர். யாழின் நரம்பைத் தனியே இழுத்துக்கட்டி மீட்டினால் ஓசை அருகிலிருப்பவர்க்கே எட்டும்; மெல்லிய நரம்பு காற்றைப் பெரிதும் அசைக்கமாட்டாது. அந்நரம்பு பத்தரோடு பிணைந்தபோதுதான் அவை முழுதும் இசை பரவும். வீட்டிலே சிறு நீர்க்குழாய் நரம்பு. சுவரும் தட்டுமே பத்தர். சீமெந்திற் புதைந்த குழாயின் நடுக்கத்தைப் பெருஞ்சுவர் வாங்கிப் பாடுகிறது. நரம்புக்குத் துணி சுற்றுதலை விட்டு, நரம்பையும் பத்தரையும் பிரித்தலே வழி.

பிரித்தல் எவ்வாறு? குழாயைப் பற்றும் ஒவ்வொரு கிளிப்பின் உள்ளும் ஒரு துண்டு றப்பர் இடுக. சுவரையோ தட்டையோ துளைத்துச் செல்லுமிடத்தில், சற்றுப் பெரிய குழாய்த்துண்டு ஒன்றை உறையாக வைத்து அதனூடே குழாயைச் செலுத்துக. இடைவெளியைச் சீமெந்தால் அடையாது, நெகிழ்வான பொருளால் அடைக்க. மேசன்மார் இவ்விடைவெளியைக் கண்டாற் சாந்து பூசி மூடாமல் விடுவதில்லை! அவ்வொரு கரண்டிச் சாந்து செய்த வேலை அனைத்தையும் வீணாக்கும். இறுக்கமான ஒரு தொடுகை போதும், அதிர்வு கடந்துவிடும். மோட்டாரையும் தட்டிலே நேராக ஆணியடித்து இறுக்காது, கனமான பலகையில் இருத்தித் தடித்த றப்பர்த் துண்டுகளின் மேல் வைத்து, அதற்கும் குழாய்க்கும் இடையே வளையக்கூடிய ஒரு முழ இணைப்பு இடுதல் வேண்டும்.

இனி, இடிப்போசை. ஓடும் நீரைத் திடீரென மறித்தால் அதன் வேகம் அமுக்கமாக மாறிக் குழாயெங்கும் அலையாய்ப் பாயும். பொறியியலார் இதனை நீர்ச்சம்மட்டி என்பர். 1897, 1898 ஆம் ஆண்டுகளில் மொஸ்கோ நகர நீர்க்குழாய்களிலே சோதனை நடத்தி இதன் கணக்கை நிறுவியவர் ஜுக்கோவ்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர். செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் நீர் நீண்ட இரும்புக் குழாயிற் கணத்தில் நின்றால், 120 மீற்றர் உயர நீர்நிரலுக்கு ஒப்பான அமுக்கம் மேலதிகமாய் எழும். மாடித் தாங்கி தருவதோ 6 அல்லது 7 மீற்றரே. நெகிழ்வுடைய பி.வி.சி. குழாயில் இவ்வேற்றம் ஏறக்குறைய மூன்றிலொன்றாகும். வீட்டின் குறுகிய குழாய்களில் இன்னுங் குறையும். ஆயினும் மூட்டுக்களைத் தளர்த்த அது போதும். ஆதலால் இடிப்போசையைத் தொல்லை என்று மட்டும் எண்ணற்க. சுவருக்குள் நாளை கசியப்போகும் மூட்டின் முன்னறிவித்தல் அது. கால்சுற்றில் மூடும் குழாயை மெல்ல மூடுதல் செலவற்ற மருந்து. சலவைப் பொறியின் வால்வு மெல்ல மூடாதாகையால், அதன் அருகே காற்றடைத்த சிறு தணிப்பான் ஒன்று பொருத்துதல் நன்று. வெறும் மூடிய குழாய்த்துண்டை நிமிர்த்தி வைப்பாரும் உளர். அதிலுள்ள காற்று நாளடைவில் நீரிற் கரைந்துபோம். இடையிடையே நீரை வடித்துக் காற்றுப் புகவிடாவிட்டால் அது பயன்படாது.

மாலையில் மொட்டைமாடியிற் கேட்கும் ‘டக், டக்’ ஓசைக்கு நீர் காரணமன்று. வெயிலில் 25 பாகை சூடேறிய 10 மீற்றர் பி.வி.சி. குழாய் ஏறக்குறைய 17 மில்லிமீற்றர் நீளும். குளிரும்போது சுருங்கிக் கிளிப்புக்களில் உராயும். கிளிப்பைச் சற்றுத் தளர்த்தினால் அடங்கும்.

மலசலகூடக் கழிவுநீரை இறக்கும் பெருங்குழாய்க்கு மட்டும் மேற்கூறிய விதி முழுதும் பொருந்தாது. அதன் பரப்புப் பெரிது, சுவர் மெல்லிது. ஆகவே அது தானே ஒலிக்கும். இங்குப் பாரமே துணை. தடுப்பின் பாரம் இருமடங்கானால் ஓசை கணக்கின்படி 6 டெசிபெல் குறையும். குழாயைத் தொடாதவாறு செங்கல்லால் ஒரு கூடு கட்டி, உள்ளே தென்னந்தும்போ கண்ணாடிப் பஞ்சோ தளர்வாக இடுக. தும்பு எதிரொலியை உறிஞ்சும், செங்கல் வெளிச்செல்வதை மறிக்கும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. முட்டைத் தட்டுக்களை ஒட்டுவோர் அவற்றை முட்டைக்கே விட்டுவிடலாம். அடியிலே நீர் மோதித் திரும்பும் இடத்தில் ஒரே செங்கோண வளைவுக்குப் பதிலாக 45 பாகை வளைவுகள் இரண்டு இடுதல் மோதலைத் தணிக்கும்.

குளிரூட்டிய மண்டபங்களின் தகரக் காற்றுக்குழல்களுக்கும் இவையே பெரும்பாலும் பொருந்தும். விசிறிக்கும் குழலுக்கும் இடையே தடித்த துணியாலான ஓர் இணைப்பு வேண்டும். குழலை அகலமாக்கிக் காற்றின் வேகத்தைப் பாதியாக்கினால், காற்றெழுப்பும் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும்.

புதிதாக மாடி எழுப்புவோர் பூச்சு வேலைக்கு முன்னரே இவற்றைச் செய்வித்தல் வேண்டும்; பின்னர்ச் செய்வதாயிற் சுவரை உடைக்க நேரும். கீழ்வீட்டின் படுக்கையறை எப்பக்கம் உள்ளதென்று பார்த்து, குழாயை அச்சுவரில் ஏற்றாது குசினிச் சுவரில் ஏற்றுமாறு வரைபடத்திற் குறித்துக் கொடுத்தால், றப்பருக்கும் செங்கல்லுக்கும் ஆகும் செலவிற் பெரும்பகுதி மிஞ்சும்.