மூத்தவனுக்குக் கிடைக்காத ஊசி



சில நாட்களுக்கு முன் ஒரு தாய் நம் தோட்டத்துக் கிளினிக்குக்கு வந்தார். “டிரஸர் ஐயா, என் மூத்தவன் 2017-இல் பிறந்தான். சின்னவள் 2021. சின்னவளுக்கு நிமோகாக்கல் ஊசின்னு சொல்லி அரசாங்க கிளினிக்குல மூணு தரம் காசு வாங்காம போட்டாங்க. மூத்தவனுக்கு ஏன் போடலை? அவன் என்ன பாவம் செஞ்சான்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பிள்ளை ஒரு பாவமும் செய்யவில்லை அம்மா. காரணம் காசுதான். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நிமோகாக்கஸ் என்பது மூக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கும் ஒரு கிருமி. இருமல், தும்மல் வழியாகப் பரவும். ஆரோக்கியமான பெரியவர்களை அநேகமாகச் சும்மா விட்டுவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதன் வேலையை அதிகமாகக் காட்டும். நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. இரத்தத்திலோ மூளை உறையிலோ புகுந்தால் உயிருக்கே ஆபத்து. எல்லா வகை நிமோனியாவையும் சேர்த்து, 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. பெரும்பாலும் ஏழை நாட்டுக் குழந்தைகள்.

இதைத் தடுக்கும் குழந்தை ஊசி அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அது 7 வகைக் கிருமிகளைத் தடுத்தது. ஆனால் அந்த ஏழும் அமெரிக்கக் குழந்தைகளை அதிகம் தாக்கிய வகைகள். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல குழந்தைகளைக் கொன்ற 1, 5 என்ற வகைகள் அதில் இல்லை. காசு கொடுப்பவன் அளவுக்குச் சட்டை தைத்த கதைதான்! பின்னால் வந்த 10 வகை, 13 வகை ஊசிகளில்தான் அவை சேர்ந்தன.

விலையைப் பாருங்கள். 2010 வாக்கில் அமெரிக்கத் தனியார் மருத்துவர்கள் ஒரு ஊசிக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ஏழை நாடுகளுக்கு அந்த விலை கட்டுப்படியாகுமா? அதனால் 2009-இல் சில அரசாங்கங்களும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து 150 கோடி டாலர் ஒதுக்கின. கம்பெனிகள் மிக ஏழை நாடுகளுக்கு நீண்ட காலத்துக்கு ஒரு ஊசிக்கு மூன்றரை டாலருக்கு மேல் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டன. 2010 டிசம்பரில் நிக்கராகுவாவிலும், 2011-இல் கென்யாவிலும் ஊசி போட ஆரம்பித்தார்கள். அப்போதும் அமெரிக்கக் குழந்தைக்குப் பத்து வருஷம் பிந்திவிட்டது.

நம் மலேசியா? நாம் பணக்கார நாடும் இல்லை, அந்த உதவி கிடைக்கும் அளவுக்கு ஏழை நாடும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டோம். வசதி உள்ளவர்கள் தனியார் கிளினிக்கில் பல நூறு வெள்ளி கொடுத்துப் போட்டுக்கொண்டார்கள். செம்பனைக் குலை வெட்டிப் பிழைப்பவர் எங்கே போவார்? 2020 டிசம்பரில்தான் அரசாங்கம் இலவசமாகப் போடத் தொடங்கியது. அதுவும் 2020 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு. அந்தத் தாயின் மூத்தவன் விடுபட்டது இப்படித்தான்.

கொரோனா நேரத்திலும் இதே கதைதான். 2021 ஜனவரியில், வசதியான நாடுகளில் 3 கோடியே 90 லட்சம் ஊசிகள் போட்டாகிவிட்டன, மிக ஏழை நாடு ஒன்றில் போட்டது 25 ஊசி மட்டுமே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் சொன்னார். 25 லட்சம் அல்ல, வெறும் இருபத்தைந்து!

வழி இல்லையா? இருக்கிறது. தனியாகப் போய்ச் சம்பள உயர்வு கேட்டால் என்ன கிடைக்கும், சங்கமாகப் போய்க் கேட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊசியும் அப்படித்தான். பல நாடுகள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை இறங்குகிறது. தயாரிப்பவர்கள் கூடினாலும் இறங்குகிறது. இந்தியாவில் பூனே நகரத்துக் கம்பெனி ஒன்று தயாரித்த நிமோகாக்கல் ஊசியை 2019 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஏழை நாடுகளுக்கு அதன் விலை ஆரம்பத்தில் 2 டாலராக இருந்தது!

இனி நம் வீட்டு விஷயம்.

நம் நாட்டில் இந்த ஊசி 4, 6, 15-ஆவது மாதங்களில். தவணை தவறினால் பயந்துகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். மிஸி திட்டினாலும் பரவாயில்லை, போய்க் கேளுங்கள். ஐந்து வயது தாண்டிய ஆரோக்கியமான பிள்ளைக்குப் பொதுவாக இது தேவைப்படாது. ஆகவே மூத்தவனை நினைத்துக் கலங்க வேண்டாம்.

ஊசி போட்டாலும் சளிக்காய்ச்சலை அசட்டை செய்யாதீர்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த அளவைத் தொட்டாலோ, நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ இராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குழந்தை படுக்கும் அறையில் சிகரெட் புகை வேண்டவே வேண்டாம்.

பிறப்புப் பத்திரம் இல்லையென்று ஊசி போடாமல் ஒதுங்கி நிற்கும் குடும்பம் உங்கள் லயத்தில் இருந்தால், கிளைச் செயலாளரிடமோ என்னிடமோ சொல்லுங்கள். பக்கத்து வீட்டு வெளிநாட்டுத் தொழிலாளியின் பிள்ளையையும் மறக்காதீர்கள். 1992-க்குப் பிறகு நம் நாட்டில் இல்லாத போலியோ, 2019 டிசம்பரில் சபாவில் திரும்பி வந்ததே! கிருமி அடையாள அட்டை கேட்பதில்லை.

பிள்ளையின் ஊசி புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அதைக் கையோடு கொண்டு வாருங்கள்.