பழைய கச்சேரி கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், கேம்ஸ் விளையாடுவார்கள். இவற்றோடு, உங்கள் கம்ப்யூட்டரால் மட்டுமே காப்பாற்றக்கூடிய ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம். கோவை, ஈரோடு, கோபி, பொள்ளாச்சி என்று கொங்குப் பகுதியில் சங்கீதம் கேட்கும் பெரியவர்கள் உள்ள பல வீடுகளில், எழுபதுகளில் பதிவு செய்த கச்சேரி டேப்புகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை டிஜிட்டல் பைலாக மாற்றும் வழியை இங்கு பார்க்கலாம்.

நேரடிப் பதிவுக்கு ஏன் இத்தனை மவுசு?

பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் பாட முடியும். பின்னர் வந்த எல்.பி. தட்டிலும் ஒரு பக்கம் இருபது நிமிடத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கச்சேரியோ மூன்று மணி நேரம் நடக்கும். ராக ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம், தனி ஆவர்த்தனம் எல்லாம் மேடையில் அந்த நேரத்தில் பிறப்பவை. அதே வித்வான் அதே கீர்த்தனையை மறுநாள் பாடினாலும் அதே ஸ்வரங்கள் வராது. அதனால்தான் ரசிகர்கள் ஸ்பூல் டேப் ரிக்கார்டரைச் சபாவுக்குத் தூக்கிச் சென்றார்கள். 1952ல் தொடங்கிய வானொலியின் தேசிய சங்கீத நிகழ்ச்சியையும் ரேடியோவிலிருந்து பதிவு செய்தார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பைத்தியம் அல்ல. புரோகிரசிவ் ராக் இசையில் எழுபதுகளின் மேடைப் பதிவுகளைத் தேடுபவர்கள் இன்றும் உண்டு. "யெஸ்" என்ற இங்கிலாந்துக் குழு 1973ல் தன் மேடை நிகழ்ச்சிகளை "யெஸ்ஸாங்ஸ்" என்ற பெயரில் மூன்று எல்.பி. தட்டுகளாக வெளியிட்டது. ஸ்டுடியோவில் அடங்காத நீளமும், மேடையில் பிறக்கும் கற்பனையும்தான் அங்கும் ஈர்ப்பு.

கொங்கு நாட்டிலேயே இன்னொரு சான்று உண்டு. மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965ல் இங்கு தங்கியிருந்து, உடுக்கைப் பாட்டாகப் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை 18 இரவுகள் டேப்பில் பதிவு செய்தார். அந்தப் பதிவின் தமிழ் வடிவம் 1992ல் சென்னையில் நூலாக வெளிவந்தது. டேப் இருந்ததால்தான் இது முடிந்தது.

ஏன் இப்போதே செய்ய வேண்டும்?

டேப் என்பது பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடு துகள்களைப் பசை கொண்டு ஒட்டியதுதான். ஆண்டுகள் செல்லச் செல்ல பசை இளகும், துகள் உதிரும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நல்ல நிலையில் உள்ள பிளேயர்களும், அவற்றைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைந்து வருகிறார்கள். பாலக்காடு மணி அய்யர் 1981லும், எம்.டி. ராமநாதன் 1984லும் காலமாகிவிட்டார்கள். அவர்களின் ஒரு நாள் கச்சேரி ஒரே ஒரு கேசட்டில் இருந்து, அந்த கேசட்டும் போய்விட்டால், அந்தக் கச்சேரி நடந்ததற்கு அடையாளமே இருக்காது.

என்னென்ன தேவை?

ஒழுங்காக ஓடும் கேசட் பிளேயர், இரு முனையிலும் பொருத்தமான பின் உள்ள ஆடியோ கேபிள், "ஆடாசிட்டி" சாப்ட்வேர் ஆகியவை போதும். ஆடாசிட்டி 2000ம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்னால் நீல நிறத்தில் இருக்கும் "லைன் இன்" துளையில் கேபிளைச் செருகவும். பெரும்பாலான லேப்டாப்களில் இந்தத் துளை இல்லை. "லைன் இன்" வசதி உள்ள யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும் முறை

1. முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். இனி யாரும் தவறுதலாக ரிக்கார்ட் பட்டனை அழுத்தி அதன் மேல் சினிமாப் பாட்டைப் பதிவு செய்ய முடியாது.

2. பிளேயரின் ஹெட்டை, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, உலர்ந்த பின் கேசட்டைப் போடவும். பூஞ்சை தெரியும் கேசட்டை ஓட்ட வேண்டாம். அது பிளேயரையும் அடுத்த கேசட்டையும் கெடுக்கும்.

3. ஆடாசிட்டியில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என செட் செய்திடவும். இந்த அளவில் ஒரு நிமிடத்திற்குச் சுமார் 10 எம்.பி. இடம் தேவை. மூன்று மணி நேரக் கச்சேரிக்குச் சுமார் 1.9 ஜி.பி. ஆகும்.

4. ஒலி அளவை ஆலாபனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். தனி ஆவர்த்தனம் வரும் இடத்தை முதலில் ஓட்டிப் பாருங்கள். மிருதங்கம் உச்சத்தில் ஒலிக்கும்போதும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது. பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடைந்து பதிவாகும். பின்னர் எந்த சாப்ட்வேராலும் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

5. ரீவைண்ட் செய்து, ரிக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு, கேசட்டை ஓடவிடவும். சி-90 கேசட்டின் ஒரு பக்கத்திற்கு 45 நிமிடம் ஆகும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

6. முடிந்ததும் "எக்ஸ்போர்ட்" பிரிவில் வேவ் பைலாகச் சேமிக்கவும். "சேவ் புராஜக்ட்" மட்டும் செய்தால் அந்த பைல் ஆடாசிட்டியில்தான் திறக்கும். மொபைலில் கேட்க, தனியாக எம்பி3 ஒன்று தயாரித்துக்கொள்ளலாம்.

இரைச்சலை நீக்கும்போது கவனம்

டேப்பின் "ஸ்ஸ்ஸ்" சத்தத்தைக் குறைக்க "நாய்ஸ் ரிடக்ஷன்" வசதி உண்டு. இரைச்சல் மட்டும் உள்ள சில விநாடிகளை நாம் மாதிரியாகக் காட்டினால், அதே தன்மையுள்ள ஒலியைப் பதிவு முழுவதிலும் அது குறைக்கும். இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. கச்சேரியில் பாட்டு நிற்கும் இடங்களிலும் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தை மாதிரியாகக் கொடுத்தால், சாப்ட்வேர் தம்புராவையே இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். சுருதி மங்கி, பாடகரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். எனவே பாட்டும் தம்புராவும் தொடங்கும் முன் வெறும் டேப் ஓடும் விநாடிகளையே மாதிரியாகத் தேர்ந்தெடுங்கள்.

சுருதி கூடுதலாகக் கேட்கிறதா? பதிவு செய்த அன்று பேட்டரி தளர்ந்து டேப் மெதுவாக ஓடியிருக்கலாம். இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது பாட்டு வேகமாகவும் சுருதி உயர்ந்தும் கேட்கும். இரண்டும் சேர்ந்தே மாறியிருப்பதால், வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியையே பயன்படுத்தவும். அதே வித்வான் அதே காலத்தில் வெளியிட்ட எல்.பி. அல்லது சிடியின் சுருதியோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்தத் திருத்தங்களை எல்லாம் பைலின் நகலில் மட்டும் செய்திடவும். முதல் வேவ் பைலில் கை வைக்க வேண்டாம். வயலின் சுருதி சேர்ப்பதையும், கூட்டத்தில் எழும் "பலே", "சபாஷ்" குரல்களையும் வெட்டாதீர்கள். அவையும் அந்த மாலையின் பகுதிதான்.

பெயர் கொடுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள்

"டிராக் 1" என்ற பைல் பெயரால் பயன் இல்லை. பாடியவர், பக்கவாத்தியம், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பெயரில் சேர்க்கவும். கேசட் அட்டையில் "எம்.டி.ஆர். 2" என்று மட்டும் எழுதியிருந்தால், வீட்டிலுள்ள பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். என் அப்பச்சி அரை நிமிட ஆலாபனையில் ராகத்தையும், இரண்டு வில் இழுப்பில் வயலின்காரரையும் சொல்லிவிடுவார். இந்தத் தகவல் எந்த சாப்ட்வேரிலும் கிடைக்காது.

பைல்களை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதியும், வெளி டிரைவில் இன்னொன்றுமாக வைக்கவும். டேப்பை எறிந்துவிட வேண்டாம். ஒன்றை மறக்காதீர்கள்: கலைஞர்களுக்கு அவர்கள் நிகழ்ச்சியின் மீது சட்டப்படி உரிமை உண்டு. எனவே இவற்றை விற்பதோ, அனுமதியின்றி வெளியிடுவதோ கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறி ஒரு கேசட்டை மட்டும் எடுங்கள். முதல் பக்கத்தை ஏற்றிப் பார்த்துவிட்டால், மற்றவற்றை நீங்களே தேடிப் போவீர்கள்.