பழைய லாண்ட் றோவரைப் புதுக்குதல்

நம் நாட்டிலே தேயிலைத் தோட்டங்களிலும், நீர்ப்பாசன வேலைத்தலங்களிலும், காட்டோரக் கமங்களிலும் நெடுங்காலம் உழைத்த வாகனம் லாண்ட் றோவர். உழைத்து ஓய்ந்தபின் அவற்றுட் பலவற்றுக்குக் கொட்டிலின் மூலையோ புளியமரத்தின் நிழலோதான் புகலிடமாயிற்று. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில், நிழலிற் கிடந்த பழைய வண்டிகளைத் தேடிச் செல்வோர் பெருகினர். அத்தகைய வண்டி ஒன்றை வாங்கித் திருத்தி, விடுமுறை நாளில் மனைவி மக்களோடு வில்பத்துக் காட்டுக்கோ வடமராட்சி கிழக்கின் மணற்கரைக்கோ சென்று வரவேண்டும் என்னும் ஆசை இன்று பலருக்கு உண்டு. அது நல்லாசையே. ஆனால், அவ்வண்டியில் ஏறப்போகிறவர்கள் நம் பிள்ளைகள் என்பதை மறவாது, எந்த வேலையை முதலிற் செய்வது, எதனைப் பின்னுக்கு வைப்பது என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் இவ்வாகனம் எதற்காகப் பிறந்தது என்பதை அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய ஜீப் வண்டிகளை நேயர்கள் அறிவீர்கள். அவற்றில் ஒன்று, போர் முடிந்தபின், இங்கிலாந்தின் றோவர் நிறுவனத்துத் தலைமைப் பொறியியலாளர் மோறிஸ் வில்க்ஸ் என்பவரிடம் இருந்தது. வேல்ஸ் நாட்டின் அங்கிள்சித் தீவிலிருந்த தமது கமத்தில் அவர் அதனை ஓட்டினார். இதற்கு ஈடான கமவாகனம் ஒன்றை நாமே செய்தாலென்ன என்ற எண்ணம் அங்கேதான் தோன்றியது. 1947ஆம் ஆண்டு மாதிரி வண்டி உருவாயிற்று. 1948 ஏப்ரல் 30ஆம் நாள் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் லாண்ட் றோவர் உலகுக்கு அறிமுகமாயிற்று. 1958இல் இரண்டாம் வரிசையும், 1971இல் மூன்றாம் வரிசையும் வந்தன. இவற்றின் வழித்தோன்றலான டிஃபெண்டர் வண்டியின் பழைய வடிவம் 2016 ஜனவரி 29ஆம் நாள் சொலிஹல் தொழிற்சாலையில் நிறைவு பெற்றது.

போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் உருக்குக்குப் பங்கீடு இருந்தது. விமானத் தொழிலின் பயனாக அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. ஆகவே, வண்டியின் மேற்றகடுகளை அலுமினியக் கலப்பு உலோகத்தாலும், அடிச்சட்டகத்தை உருக்காலும் செய்தனர். பெரிய அச்சு இயந்திரங்களுக்குச் செலவிட விரும்பாது, தட்டையான உருக்குப் பட்டிகளைப் பெட்டிபோல் ஒட்டிச் சட்டகம் அமைத்தனர். முதல் வண்டியின் இயந்திர ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைவலுவே. மெல்லச் செல்லவும், பாரம் இழுக்கவும், சேற்றைக் கடக்கவும் பிறந்த வண்டி அது, விரைந்தோடப் பிறந்ததன்று. இவ்வுண்மையை மனத்திற் கொண்டோமானால் பின்னர் வரும் யாவும் எளிதில் விளங்கும்.

புதுக்கும் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வண்டி முதலில் தாங்க வேண்டும்; அடுத்து நிற்க வேண்டும்; அதற்கடுத்துத் திரும்ப வேண்டும்; அதன்பின்பே ஓட வேண்டும்; எல்லாவற்றுக்கும் கடைசியிலேதான் அழகுபெற வேண்டும். பலர் இதனைத் தலைகீழாக்கி, வண்ணப்பூச்சிலும் பெரிய ரயரிலும் பணத்தைச் செலவிட்டுவிட்டு, பிறேக்குக்கு வரும்போது கையை விரிக்கின்றனர்.

தாங்குவது சட்டகம். அலுமினியத் தகடு கறள் பிடிப்பதில்லை. ஆதலால் அறுபது ஆண்டான வண்டியும் வெளிப்பார்வைக்குத் திடமாகவே தோன்றும். அத்தோற்றமே நம்மை ஏமாற்றுவது. பெட்டிபோன்ற சட்டகத்தின் உள்ளே புகுந்த சேறும் ஈரமும் வெளியேற வழியின்றித் தங்கி, உருக்கை உள்ளிருந்தே அரிக்கின்றன. வெளியே பூசிய கறுப்புப் பூச்சு அதனை மறைத்துவிடுகிறது. சிறு சுத்தியல் ஒன்றை எடுத்துச் சட்டகம் முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல உருக்கு கணீரென ஒலிக்கும். அரிபட்ட உருக்கு மந்தமாக ஒலிக்கும். சில இடங்களிற் சுத்தியலே உள்ளே புகுந்துவிடும். வில்லுப்பட்டைகள் பொருந்தும் இடங்களையும், பின்புறக் குறுக்குச் சட்டத்தையும், சாரதியின் கால் வைக்கும் இடத்துக்கு முன்னுள்ள உருக்குச் சுவரையும் சிறப்பாகச் சோதித்தல் வேண்டும்.

அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடுமிடத்தில் உப்பீரம் சேர்ந்தால் மின்வேதியியல் முறையில் அரிப்பு நிகழும். அவ்விடத்தில் அலுமினியமே வெண்பொடியாய் உதிரும். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு முதலிய கரையோரங்களில் இதன் வேகம் அதிகம். தகடுகளை மீண்டும் பூட்டும்போது இரண்டு உலோகங்களுக்கும் இடையில் நல்ல பூச்சும் றப்பர்த் துண்டும் இருத்தல் வேண்டும். சட்டகத்தில் ஒட்டுவேலை செய்யுமுன் எரிபொருட் தாங்கியைக் கழற்றி அப்பாற்படுத்துங்கள். வெறுந்தாங்கியில் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. அதனுள் நிற்கும் பெற்றோல் ஆவியே வெடிக்கக்கூடியது.

அடுத்தது நிற்றல். இவ்வண்டிகளின் பிறேக்கு நீர்ம அழுத்தத்தால் இயங்குவது. முந்திய வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே நீர்மச் சுற்றுத்தான் உண்டு. ஓரிடத்திற் குழாய் வெடித்தாலும் நான்கு சில்லுகளின் பிறேக்கும் ஒருங்கே போய்விடும். ஆகவே, பழைய றப்பர்க் குழாய்களையும் உருக்குக் குழாய்களையும், நன்றாயிருப்பது போலத் தோன்றினாலும், மாற்றிவிடுவதே முறை. பிறேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய எண்ணெய் நீண்ட இறக்கத்திற் சூடேறிக் கொதித்துக் குமிழி கொள்ளும். அப்பொழுது மிதியை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் நல்வழக்கம். இன்னுமொன்று: பழைய பிறேக்குப் பட்டைகளிற் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. காற்றால் ஊதித் துடைக்காமல், ஈரத்துணியால் துடைக்குமாறு கராச்சில் வேலைசெய்யும் இளைஞருக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது திரும்புதல். ஸ்ரியறிங் வளையத்தை இலேசாக ஆட்டிப் பாருங்கள். வளையம் அசைந்தும் சில்லு அசையாதாயின், இணைப்புகள் தேய்ந்துவிட்டன என்பது பொருள். சில்லின் போல்ட்டுகள், தாங்கிகள், வில்லுப்பட்டைகளின் பற்றுகள் ஆகியவற்றையும் அதே வேளையிற் பார்த்துவிடலாம்.

இனி ஓடுதல், அதாவது இயந்திரம். 2002ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஈயங்கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அது பொதுச் சுகாதாரத்துக்குப் பெருநன்மை. ஆனால், பழைய இயந்திரங்களில் வால்வு வந்து அமரும் இருக்கைகளை அந்த ஈயமே தேயாது காத்து வந்தது. ஆகவே, இயந்திரத்தைத் திறக்கும் வேளையில் கடினமான உலோக இருக்கைகளைப் பொருத்திக்கொள்வது அறிவுடைமை. பழைய இயந்திரத்தை அகற்றிவிட்டு ஜப்பானிய டீசல் இயந்திரத்தை வைப்போரும் உளர். உதிரிப்பாகமும் எளிதிற் கிடைக்கும், எரிபொருளும் மிச்சம் என்பது அவர்கள் கூறும் நியாயம். நியாயந்தான், ஆயினும், ஆற்றல் பெருகினால் அந்த ஆற்றலைத் தாங்கும் பற்சக்கரப் பெட்டியும் பின்னச்சுத் தண்டும் பழையனவே. வேகம் பெருகினால் அவ்வேகத்தை அடக்கும் பிறேக்கும் பழையதே. இயந்திரம் மாற்றுவோர் பிறேக்கையும் உயர்த்தாமற் சாலைக்கு வருதல் பிறர் உயிரோடு விளையாடுவதாகும். அன்றியும், இயந்திரமோ நிறமோ மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவேட்டிற் பதிவு செய்தல் சட்டப்படி வேண்டியது. பதிவுப் புத்தகமும் வண்டியும் ஒத்திராவிட்டால், விபத்து நேர்ந்த நாளிலேதான் அதன் துன்பம் தெரியவரும்.

இப்பொழுது அலங்காரத்துக்கு வருவோம். ஓர் இயந்திரத்தில் நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் வேறோரிடத்தில் ஒரு விலையைக் கேட்கும். பெரிய ரயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் பத்து வீதம் கூடினால், வேகமானி 50 கிலோமீற்றர் காட்டும்போது வண்டி உண்மையில் 55 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். அச்சுத் தண்டுகளுக்குச் சுமை கூடும், ஸ்ரியறிங் கனக்கும், பிறேக்கு பிடிக்கும் தூரமும் நீளும். வண்டியின் உடலை உயர்த்துவதும் அவ்வாறே. வைக்கோலை உயர அடுக்கிய மாட்டுவண்டி, சிறு பள்ளத்திலும் சரிந்துவிடுவதைக் கண்டிருக்கிறீர்கள். பாரம் மேலேற மேலேற வண்டியின் நிலைபேறு குறைகிறது. கூரையின் மேல் இரும்புத் தட்டி அமைத்து, தண்ணீர்ப் பீப்பாயும் கூடாரமும் மேலதிகச் சில்லும் ஏற்றுவோர், அந்த வைக்கோல் வண்டியைத்தான் மலைப்பாதையில் ஓட்டுகின்றனர். கனமான பொருள்களைக் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே வையுங்கள்.

எல்லாவற்றினும் மேலாகக் கவனிக்க வேண்டியது பின்னிருக்கை. பழைய வண்டிகளின் பின்புறத்தில் பக்கவாட்டாக அமைந்த பலகை இருக்கைகள் உண்டு. பிள்ளைகளுக்கு அவ்விடமே மிகப் பிரியம். ஆனால், வண்டி திடீரென நின்றால் அவர்களைத் தடுத்து நிறுத்த அங்கே எதுவுமில்லை. முன்னோக்கிய இருக்கைகளை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் பட்டி பூட்டுங்கள். இருக்கைப் பட்டியும், வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்க்கூடும் அடிச்சட்டகத்தோடு இணைக்கப்பட வேண்டும். மெல்லிய அலுமினியத் தகட்டிற் பூட்டிய பட்டி, வேண்டிய வேளையில் தகட்டோடு பிய்ந்து வந்துவிடும். பணம் ஒரு வேலைக்கு மட்டுமே போதுமென்றால், வண்ணத்தை விட்டு இதனைச் செய்யுங்கள்.

வண்டி ஆயத்தமாயிற்று, அதனை ஓட்டும் முறையும் அறிதல் வேண்டும். இவ்வரிசை வண்டிகளில் பெரிய கியர்த்தடியோடு மஞ்சட் குமிழ் ஒன்றும் சிவப்புத் தடி ஒன்றும் இருக்கும். மஞ்சட் குமிழை அழுத்தினால் முன்சில்லுகளும் இயங்கும். சிவப்புத் தடியைப் பின்னே இழுத்தால் நான்கு சில்லுகளும் தாழ்ந்த கியர் வரிசையில் இயங்கும். வண்டியை நிறுத்திய பின்பே அதனை இழுக்க வேண்டும். நாற்சில்லு இயக்கத்தைக் காய்ந்த தார்ச்சாலையிற் பயன்படுத்தலாகாது. வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளிலும் நீண்ட தூரம் செல்கின்றன. மணலிலும் சேற்றிலும் ரயர் சிறிது வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமின்மையால், அச்சுத் தண்டுகள் முறுக்குண்டு கெடும். செங்குத்தான இறக்கத்தில், தாழ்ந்த வரிசையில் முதலாம் கியரில் விட்டு, இயந்திரமே வண்டியைத் தடுத்து இறக்குமாறு செய்தல் நன்று.

ஆற்றைக் கடக்கும்போது, ஆழமறியாமற் காலை விடாதே என்ற நம் பழமொழியை நினைவிற் கொள்ளுங்கள். முதலைகள் வாழும் நீராயின் இறங்கிப் பார்ப்பதும் கூடாது. அங்கே திரும்பிவிடுவதே அறிவு. இயந்திரத்தின் காற்றுக்குழாய் வழியே தண்ணீர் புகுந்தால், தண்ணீர் அமுங்காத பொருளாகையால், உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்து இயந்திரமே பாழாகும். கரையேறிய பின் பிறேக்கை இலேசாகப் பலமுறை மிதித்து உலரச் செய்யுங்கள். அச்சு எண்ணெய் பால்நிறமாக மாறியிருப்பின் தண்ணீர் கலந்துவிட்டது என்று அறிந்து அதனை மாற்றுங்கள்.

எங்கும் செல்லவல்ல வண்டி என்பதனால் எங்கும் செல்லலாம் என்று எண்ணுதல் தகாது. 1938ஆம் ஆண்டு முதல் தேசிய வனங்களாயுள்ள வில்பத்திலும் யாலையிலும் குறித்த பாதையை விட்டு விலகுவது சட்டவிரோதம். கடற்கரை மணல்மேடுகளைப் பிடித்து வைத்திருப்பவை அங்கே படரும் அடம்பன் முதலிய கொடிகள். சில்லுகள் அவற்றை அறுத்தால் மணல் காற்றோடு நகரத் தொடங்கும். வடக்கிலோ இன்னுமொரு காரணமும் உண்டு. முகமாலை போன்ற இடங்களிற் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்தபின்னும் பல்லாண்டுகள் நீடித்தது. எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்தில், எத்துணை வலிய வண்டியாயினும், ஓரடியும் பாதையை விட்டு இறங்கலாகாது.

முடிவாக ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய பாகங்களை இரும்புக்கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிய அட்டை கட்டி, ஒரு பெட்டியில் வையுங்கள். என்ன மாற்றினீர்கள், எந்நாளில் மாற்றினீர்கள் என்பதை ஓர் அப்பியாசப் புத்தகத்திற் குறித்து வாருங்கள். உங்களுக்குப் பின் அவ்வண்டியைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்குக்கு அக்குறிப்பு வழிகாட்டும். மகனையோ மகளையோ அருகில் இருத்தி, சுத்தியலைக் கையிற் கொடுத்து, நல்ல உருக்கு எவ்வாறு ஒலிக்கும், கெட்ட உருக்கு எவ்வாறு ஒலிக்கும் என்று கேட்கச் செய்யுங்கள். பளபளப்பை நம்பாமற் பொருளைத் தட்டிப் பார்த்து மதிப்பிடும் பழக்கம், வண்டிக்கு அப்பாலும் அவர்களுக்கு உதவும்.