பால்மரச் சட்டத்தில் பழைய பூ ஓடு

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி ஜோர்ஜ்டவுனில் இறங்குகிறோம். பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் நடக்கிறோம். சுவரின் கீழ்ப்பகுதியை என்றாவது நின்று பார்த்திருக்கிறோமா? பூவும் கொடியும் புடைத்து நிற்கும் வண்ண ஓடுகள் அங்கே பதிக்கப்பட்டிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை அவை. பெரும்பாலும் 6 அங்குலச் சதுரம். இதே ஜப்பானிய ஓடுகளைச் செட்டிநாட்டு வீடுகளிலும் காணலாம்.

2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது பல வீடுகள் கைமாறின. 2008-இல் ஜோர்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. இடிபட்ட, புதுப்பிக்கப்பட்ட வீடுகளின் ஓடுகள் இன்று பழம்பொருள் கடைகளில் தனித்தனியாகக் கிடைக்கின்றன. அவற்றை மரச்சட்டத்தில் பொருத்திச் சுவரில் மாட்டுவது நல்ல கைத்தொழில்தான். ஆனால் எப்படிப் பொருத்துவது என்பதில்தான் ஓட்டின் ஆயுள் இருக்கிறது.

மேல்நாட்டில் இதற்கு ஓக் மரம் பெயர் பெற்றது. நம் நாட்டிலோ 'மலேசிய ஓக்' என்ற வணிகப் பெயரில் விற்கப்படுவது வேறொன்றும் இல்லை, நம் பெற்றோர் சீவிய அதே பால்மரம்! 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரம் ஒரு காலத்தில் விறகாகப் போனது. இன்று அது நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறுகிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. இரும்புத் தூள் ஊறிய வினிகரை மரத்துண்டின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். டானின் நிறைந்த உண்மையான ஓக் கறுத்துவிடும். பால்மரத்தில் டானின் குறைவு, அந்தக் கருமை வராது. ஆகவே அம்மோனியா ஆவியில் வைத்து ஓக்கிற்கு நிறமேற்றும் பழைய முறை இதற்குப் பயன்படாது. ஆனால் பால்மரத்தைப் பூஞ்சணமும் வண்டும் எளிதில் பிடிக்கும். போராக்ஸ் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகையாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி செய்முறை. மரம் ஈரத்தில் விரியும், குளிர்சாதன அறையில் சுருங்கும். ஓடோ அசையாது. இறுக்கிப் பொருத்தினால் சட்டத்தின் மூலை திறக்கும், அல்லது ஓடு விரிசல் விடும். எனவே ஓடு உட்காரும் காடியில் நான்கு பக்கமும் 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். 152 மில்லிமீட்டர் ஓட்டுக்கு 156 மில்லிமீட்டர் இடம். பழைய ஓடுகள் அளவில் சற்று மாறும். ஒவ்வொன்றையும் அளந்த பிறகே மரத்தை அறுங்கள்.

மூலைகளை 45 டிகிரியில் வெட்டி ஒட்டுகிறோம். மரத்தின் அறுப்பு முனையில் பசை சரியாகப் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு மூலையிலும் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டு மெல்லிய மரத்துண்டைச் செருகி ஒட்ட வேண்டும். பசை காயும் முன் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் சட்டம் சதுரம்.

உப்புத்தாளை 120, 180, 240 என்ற வரிசையில், மரத்தின் நாரோட்டத்திலேயே தேய்க்க வேண்டும். பிறகு எண்ணெயோ வார்னிஷோ பூசுங்கள். முன்பக்கம் மட்டும் பூசினால் போதாது. பின்பக்கமும் பூசினால்தான் ஈரம் இருபுறமும் ஒரே சீராக ஏறி இறங்கும். ஓட்டைப் பொருத்தும் முன்பே இந்த வேலை முடிந்து காய்ந்திருக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

ஓட்டைப் பசையால் ஒட்டவே கூடாது. காடியில் மெல்லிய கார்க் பட்டை வைத்து, ஓட்டை இட்டு, பின்னால் ஒட்டுப்பலகையைத் திருகாணியால் முடுக்குங்கள். நாளைக்குச் சட்டம் கெட்டாலும் ஓட்டைப் பத்திரமாகக் கழற்றி வேறு சட்டத்தில் மாட்டலாம். ஓர் ஓடு ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். நான்கு ஓட்டுச் சட்டத்துக்கு இரண்டு கொக்கி போடுவது நல்லது. பின்புறம் ஒட்டியிருக்கும் சிமெண்டை இயந்திரத்தால் அரைக்காதீர்கள். பழைய மெருகுகளில் ஈயம் இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கடைசியாக ஒன்று. நிற்கும் வீட்டின் சுவரிலிருந்து பெயர்த்த ஓட்டை எவர் கொண்டு வந்தாலும் வாங்காதீர்கள். ஓடு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பதில் தெளிவாக இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வாங்குபவர் இருக்கும்வரை பெயர்ப்பவரும் இருப்பார். வீடு இழந்த ஓட்டுக்குத்தான் சட்டம் வேண்டும். வீடு இருக்கும் ஓட்டுக்கு அந்தச் சுவரே போதும்.