காதுக்கு இரைச்சல்... அங்கேயும் ஒருவர் பேசுகிறார்! ஹாம் ரேடியோவின் அலைவரிசைப் பங்கீடு

2004 டிசம்பர் 26. சுனாமி தாக்கியதும் அந்தமானில் தொலைபேசிகள் மௌனமாகின. அப்போது போர்ட் பிளேரில் இருந்தது, பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் ரேடியோ குழு. உலக ஹாம்களுடன் பேசுவதற்காகச் சென்றவர்கள், அன்று முதல் தீவுகளிலிருந்து செய்தி சுமப்பவர்களாக மாறினார்கள்.

இப்படி ஆபத்தில் கைகொடுக்க வேண்டுமானால், யார் எந்த அலைவரிசையில் பேசுவது என்ற ஒழுங்கு முன்பே இருக்க வேண்டும். டிஜிட்டல் ரேடியோ வந்தபின் அது இன்னும் முக்கியம்.

இரண்டு வழிகள்

கையடக்க ரேடியோவில் ஒருவருக்கொருவர் நேரடியாகப் பேசுவது 'சிம்ப்ளெக்ஸ்'. சில கிலோமீட்டர்தான் எட்டும். மலை உச்சியில் இருக்கும் கருவி ஒன்று குரலை வாங்கி, அதே நொடியில் பலமாகத் திருப்பி அனுப்பினால் அது 'ரிப்பீட்டர்'. வாங்க ஒன்று, அனுப்ப ஒன்று என அதற்கு இரண்டு அலைவரிசைகள் தேவை.

இடமோ குறைவு. ஹாம்கள் அதிகம் புழங்கும் ஒரு பகுதி 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. 12.5 கிலோஹெர்ட்ஸ் வீதம் பிரித்தால் கணக்குக்கு 160 சேனல்கள். ஆனால், 145.8-க்கு மேல் செயற்கைக்கோள்களுக்கு. அடிப்பகுதி மோர்ஸ் போன்ற மெல்லிய சமிக்ஞைகளுக்கு. மிச்சத்தைத்தான் பங்கு போட வேண்டும்.

டிஜிட்டல் தந்த லாபம், சிக்கல்

டி.எம்.ஆர் என்ற டிஜிட்டல் முறை, ஒரே சேனலை 30 மில்லி விநாடித் துண்டுகளாக்கி இரண்டு உரையாடல்களை ஓட்டுகிறது. ஜப்பானில் உருவான டி-ஸ்டார், பாதி அகலத்தில் வேலையை முடிக்கிறது.

சிக்கல் எங்கே? பழைய ரேடியோவில் டிஜிட்டல் குரல் வெறும் இரைச்சலாகவே கேட்கும். 'ஏதோ கோளாறு' என நினைத்து ஒருவர் பட்டனை அழுத்தினால், இருவர் பேச்சும் கெடும். டிஜிட்டல் ரேடியோவோ, பழைய வகைக் குரல் வந்தால் மௌனமாக இருந்துவிடலாம். பேசுபவர் இருக்க, சேனல் காலி என்று தோன்றும்!

அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனி இடம். ஐரோப்பிய ஹாம்கள் சாதாரணக் குரலில் அழைக்க 145.500-ஐயும், டிஜிட்டலுக்கு 145.375-ஐயும் வைத்திருக்கிறார்கள்.

ரிப்பீட்டருக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடவும் கூடாது. புயலில் கோபுரம் சாய்ந்தால், மிஞ்சுவது சிம்ப்ளெக்ஸ் மட்டுமே.

காவலர் இல்லாத ஒழுங்கு

உரிமமும் மொத்த எல்லையும் அரசு தருவது. இந்தியாவில் 12 வயதிலேயே தேர்வு எழுதலாம். உள்ளே யாருக்கு எது என்பது பெரும்பாலும் ஹாம்கள் கூடிப்பேசி ஏற்ற உடன்பாடு. 1925-ல் தொடங்கிய சர்வதேச ஹாம் ரேடியோ ஒன்றியம் அதை வழிநடத்துகிறது.

'பேசுமுன் கேள்' என்பது ஹாம்களின் பழைய பாடம். இன்று காது மட்டும் போதாது. சமிக்ஞை காட்டும் முள்ளையும் ஒரு முறை பார்த்துவிட்டு பட்டனை அழுத்துவது நல்லது.