45? 60? 85? உங்களுக்கு எப்போது வயதாகிறது தெரியுமா?

ரயில்வேயைக் கேட்டால் ஒரு வயது, அஞ்சலகத்தைக் கேட்டால் இன்னொரு வயது, தேர்தல் ஆணையத்தைக் கேட்டால் அதற்கும் கால் நூற்றாண்டு தள்ளி! மூத்த குடிமக்கள் என்றாலே 60 என்று நினைத்திருந்தால் இதைப் படியுங்கள்.

ரயிலில் 45 வயதுப் பெண்ணுக்கும் மூத்த குடிமக்களோடு இடம் உண்டு, தெரியுமா? ஒவ்வொரு பெட்டியிலும் சில லோயர் பெர்த்துகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆணுக்கு 60 ஆனால்தான் அந்த ஒதுக்கீடு. பெண்ணுக்கு 45 போதும்! தனியாகவோ இருவராகவோ டிக்கெட் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டணச் சலுகைக்கோ கணக்கு வேறாக இருந்தது. பெண்ணுக்கு 58 வயதில் பாதிக் கட்டணம், ஆணுக்கு 60 வயதில் நூற்றுக்கு 40 தள்ளுபடி. அந்தச் சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவோடு போனது. கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. (மேல் பெர்த்தில் ஏறத் தெம்பில்லாதவர்களிடம் முழுக்காசு வாங்குவதில் ரயில்வேக்கு என்ன ஆனந்தமோ!)

அடுத்தது இன்னும் விசேஷம். ஏப்ரல் 1-ம் தேதி பிறந்தவருக்கு வருமான வரித்துறை ஒரு வருடத்தையே இனாமாகத் தருகிறது! 1966 ஏப்ரல் 1-ல் பிறந்தவருக்கு 60 முடிவது எப்போது? 2026 ஏப்ரல் 1 என்பீர்கள். சட்டத்தின் கணக்கில் அது முந்தைய நாள், மார்ச் 31. பிறந்த அன்றையும் ஒரு முழு நாளாகச் சேர்த்து எண்ணுவதால், 60 வருடம் மார்ச் 31-லேயே நிறைந்துவிடுகிறது. அன்றுதான் நிதியாண்டின் கடைசி நாள்! ஆக, 2025-26 முழுவதுக்கும் அவர் மூத்த குடிமகன். இதில் குழப்பம் வேண்டாம் என்று 2016-ல் சுற்றறிக்கையே போட்டுத் தெளிவுபடுத்தினார்கள்.

இதே கணக்கு அரசு ஊழியரின் வயிற்றிலும் அடிக்கும். ஜூன் 2-ல் பிறந்தவர் ஜூன் 30 வரை வேலை பார்ப்பார். ஜூன் 1-ல் பிறந்தவர் மே 31-லேயே மாலை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு நாள் வித்தியாசம், ஒரு மாதச் சம்பளம்! அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தோராயமாக எழுதிப்போட்ட தேதியோடு ஓய்வு பெறுகிறவர்கள் எத்தனை பேரோ.

ஓய்வு வயது மட்டும் ஓரிடத்தில் நிற்கிறதா? தமிழக அரசில் 58 ஆக இருந்தது, 2020 மே மாதம் 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போனால், 2013 ஏப்ரலுக்கு முன் வேலையில் சேர்ந்த கேரள அரசு ஊழியருக்கு 56. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65!

வரிக் கணக்கில் 2011 வரை மூத்தவராக 65 ஆக வேண்டியிருந்தது. அந்த வருட பட்ஜெட்டில் அதை 60 ஆக்கினார் பிரணாப் முகர்ஜி. கூடவே 80 தாண்டியவர்களுக்கு ‘சூப்பர் சீனியர்’ என்று ஒரு புது வகுப்பு. பழைய வரி முறையில் முன்னவருக்கு 3 லட்சம் வரை, பின்னவருக்கு 5 லட்சம் வரை வரியில்லை. புதிய வரி முறையிலோ 25 வயதுக்காரருக்கும் 85 வயதுக்காரருக்கும் ஒரே வரம்பு. நடுவே 75 என்று இன்னொரு படி: பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் வந்தால், வங்கியே வரியைப் பிடித்துக்கொள்ளும், கணக்குத் தாக்கல் வேண்டாம்.

அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 50 வயதிலேயே சேரலாம் தெரியுமா? ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவராக இருந்தால் போதும். விருப்ப ஓய்வு வாங்கியவருக்கு 55. மற்றவர்களுக்கு 60. கணவனும் மனைவியுமாகக் கணக்குத் தொடங்கினால், இரண்டாமவருக்கு எந்த வயதும் தடையில்லை.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் (2007) மூத்த குடிமக்களுக்கு 60 என்று எழுதிவிட்டு, தாய் தகப்பனுக்கு அந்த நிபந்தனையையே தளர்த்திவிட்டது. 50 வயதுத் தாயும் வளர்ந்த பிள்ளைமேல் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுக்கலாம்!

சென்னை மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன், 60 வயதில். வருமானம் பாராமல் 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் காப்பீடு, 70 வயதில். வீட்டிலிருந்தே ஓட்டு, முன்பு 80. 2024-ல் 85 ஆக்கிவிட்டார்கள்.

அரசாங்கங்கள் 60-ஐப் பிடிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் பஞ்சாங்கம் அதைப் பிடித்துவிட்டது. பிரபவ முதல் அட்சய வரை 60 வருடம் சுற்றி, பிறந்த வருடத்தின் பெயர் திரும்ப வரும்போது திருக்கடையூரில் கல்யாணக் கூட்டம். ஜப்பானிலும் இதே 60 வருடச் சுழற்சி உண்டு! அங்கே அறுபது நிறைந்தவருக்குச் சிவப்புச் சட்டை போட்டுக் கொண்டாடுகிறார்கள். சதாபிஷேகத்துக்கு ஆயிரம் பிறை காண வேண்டும் என்பார்கள். போட்டுப் பாருங்கள்: பிறைக்குப் பிறை இருபத்தொன்பதரை நாள், ஆயிரத்துக்கு 80 வருடமும் ஏறக்குறைய பத்து மாதமும்!

60 சரி, 65 என்ற பென்ஷன் வயது எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் பிஸ்மார்க் தன் வயதையே பென்ஷன் வயதாக வைத்தார் என்று ஒரு கதை உலகமெங்கும் சுற்றுகிறது. சுத்தப் பொய்! 1889-ல் சட்டம் வந்தபோது அவருக்கு 74, சட்டம் சொன்ன வயது 70. 65 ஆனது 1916-ல்தான். அமெரிக்கா 1935-ல் 65 என்று வைத்தது. 1960-லோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்கு முழு பென்ஷன் இப்போது 67-ல்.

மத்திய அரசு பென்ஷன்தாரருக்கு 80 வயதில் அடிப்படை பென்ஷன் நூற்றுக்கு 20 கூடுகிறது, 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50. நூறைத் தொட்டால்? அப்படியே இரட்டிப்பு! ஜப்பானில் நூறு வயதானவருக்கு அரசாங்கமே வெள்ளிக் கிண்ணம் கொடுத்தது. 1963-ல் தொடங்கியபோது நூறைத் தொட்டவர்கள் நாடு முழுக்க 153 பேர். 2025-ல் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர்! கிழவர்கள் இப்படிக் கட்டுக்கடங்காமல் வாழ்ந்தால் கஜானா என்ன செய்யும்? 2016 முதல் கிண்ணத்துக்கு வெள்ளி முலாம் மட்டும்தான்.