பளு மிகும்போது சர்வர் தாமதிப்பது ஏன்?

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளிலும், விவரப் பதிவுக்குரிய கடைசி நாளிலும் இணையதளங்கள் மந்தமாக இயங்குவதை ஆசிரியர்களும் கள ஊழியர்களும் நன்கு அறிவர். முந்திய வாரம் ஒரு விநாடியில் திறந்த பக்கம், அன்று ஒரு நிமிடமாகியும் திறப்பதில்லை. யந்திரத்தில் பழுது எதுவும் இல்லாதபோதும் இவ்வாறு நேர்வதுண்டு. காரணத்தை அறிந்த பின்னரே பரிகாரம் தேடுதல் முறையாகும்.

பலரிடமிருந்து வரும் கோரிக்கைகளைப் பெற்று விடையளிக்கும் கணினியே சர்வர் எனப்படுவது. ஒரே சமயத்தில் அது கவனிக்கக்கூடிய கோரிக்கைகள் ஓர் அளவுக்கு உட்பட்டவை. எஞ்சியவை, தபால் நிலைய எழுத்தர் முன் நிற்கும் மக்களைப் போல, வரிசையில் காத்திருக்கும். இத்தகைய வரிசைகளின் கணிதத்திற்கு அடிகோலியவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங் என்பவர். டெலிபோன் அழைப்புகளைப் பற்றிய அவரது கட்டுரை 1909-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கோரிக்கை ஒன்றைக் கவனிக்கச் சராசரியாக 0.1 விநாடி ஆவதாகக் கொள்வோம். கோரிக்கைகள் ஒழுங்கின்றி வந்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் வேறுபடுமாயின், எளிய வரிசைக் கணக்கின்படி, சர்வர் பாதித் திறனில் இயங்கும்போது விடை கிடைக்கச் சராசரியாக 0.2 விநாடி ஆகும். பளு 80 சதவிகிதமாகும்போது 0.5 விநாடியும், 90 சதவிகிதத்தில் 1 விநாடியும், 95 சதவிகிதத்தில் 2 விநாடியும் ஆகும். பளு சிறிதே கூடினும் தாமதம் இருமடங்காவது இதனாலேயே.

ஆகவே, ஆராய்பவர் முதலில் காண வேண்டுவது வரிசை எவ்விடத்தில் உண்டாகிறது என்பதாகும். செயலி முழுமூச்சில் உழைத்துக்கொண்டிருந்தால் கணிப்பு வேலையே மிகுதி எனலாம். செயலி ஓய்ந்திருந்தும் விடை தாமதிக்குமாயின், கோரிக்கைகள் வேறொன்றுக்காகக் காத்திருக்கின்றன என்பது தெளிவு. பெரும்பாலும் அது தரவுத்தளமாகவே இருக்கும். ஆயிரம் பக்கமுள்ள நூலில் அகராதி வரிசையிலமைந்த குறிப்பட்டவணை இல்லையேல், ஒரு சொல்லைத் தேட நூல் முழுவதையும் புரட்ட நேரும். அட்டவணையற்ற தரவுத்தளமும் ஒவ்வொரு கேள்விக்கும் பதிவுகள் அனைத்தையும் படிக்கிறது. பதிவுகள் சிலவாக இருந்த காலத்தில் இக்குறை வெளிப்படுவதில்லை. நினைவகம் போதாமல் கணினி வட்டினை நாடும்போதும் வேகம் பெரிதும் குன்றும்.

இடமறியாமல் செய்யும் பரிகாரம் தீங்காகவும் முடியலாம். தடை தரவுத்தளத்தில் இருக்கையில் சர்வரின் எண்ணிக்கையைப் பெருக்கினால், ஏற்கெனவே திணறும் தரவுத்தளத்தின் மீது நெருக்கடி மேலும் கூடும்.

சராசரியை மட்டும் நம்புதலும் தவறாகும். நூறு கோரிக்கைகளுள் தொண்ணூறு 0.1 விநாடியிலும், பத்து 5 விநாடியிலும் முடிவுற்றால் சராசரி 0.59 விநாடியே. அவ்வெண்ணைக் காணும் அதிகாரி திருப்தியடைவார். பத்தில் ஒருவரோ 5 விநாடி காத்திருக்கிறார். எனவே மிகத் தாமதமான கோரிக்கைகளைத் தனியே அளத்தல் வேண்டும்.

பயன்படுத்துவோர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பக்கம் திறவாதபோது பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவது இயல்பு. ஆனால் ஒவ்வோர் அழுத்தமும் புதிய கோரிக்கையாகிறது. பழைய கோரிக்கையும், விடையைப் பெற எவரும் இல்லாத நிலையிலும், பல சமயங்களில் தொடர்ந்து நடைபெறுகிறது. இவ்வாறு வரிசை தன்னாலேயே வளர்கிறது. மாவட்டவாரியாக வெவ்வேறு இறுதி நாட்களைக் குறிப்பதும், பதிவுகளை முன்கூட்டியே முடிப்பதும் புதிய யந்திரம் வாங்காமலே நெருக்கடியைத் தணிக்கும் வழிகளாகும்.